மேனேஜரின் அட்டைகள்

ஜூன் 4

நர்ஸம்மாவுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இனி நமக்குள் போன் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் கத்த ஆரம்பித்ததும் நம் பெண், மேனேஜர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டு தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டாள். பல் பதிந்த இடம் இன்னும் வீங்கியிருக்கிறது. பக்கத்து மருந்துக்கடை அக்கா களிம்பு கொடுத்தார். தொட விடவில்லை. ஆகவே இனி சண்டையைத் தபாலில் போடுவோம். வந்து சேர்வதற்குள் பாதிச் சூடு ஆறிவிடும், பிள்ளையின் காதிலும் விழாது.

இப்போது சண்டை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதிப் பள்ளி, அதில் நம் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பரில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று, ஏதோ பார்சல் அனுப்பச் சொல்வதுபோலச் சொன்னாய். ஒன்பது வயதுப் பெண். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. "ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்கள அவங்க நல்லா பாத்துப்பாங்க" என்கிறாய். யார் பார்ப்பார்கள்? காலை ஷிப்டுக்கு ஒருத்தர், மாலை ஷிப்டுக்கு ஒருத்தர். அவள் மேசையைத் தட்டினால் தண்ணீர், என் சட்டைக் காலரை முகர்ந்தால் தூக்கம், ஒற்றைக் காலில் நின்றால் பாத்ரூம். இதெல்லாம் அவர்களுக்கு யார் சொல்லித் தருவது? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் நினைப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் போட்டோ பிரேம் கடையைச் சுற்றிச் சுற்றி வருவாளே, அதைப் பார்த்து "மேனேஜர் ரவுண்ட்ஸ் வர்றாங்க" என்று பெயர் வைத்தவளே நீதான். அந்த மேனேஜரை ஊர் மாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது?

அனுப்ப மாட்டேன். வேறு ஏதாவது எழுது.

பிரேம்காரன்


ஜூன் 12

பிரேம்காரரே,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது தெரியும்படி விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

மனசு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைப் பெற்றது நான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவை மூடியதால் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே வந்து கிடக்கிறேன், சுற்றுலா வரவில்லை. என் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து அந்தப் பள்ளியின் ஊஞ்சல் தெரிகிறது. பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறேன். அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் என்னைத் தூக்கிப் போட்டது. "எனக்கு மட்டும்தான் தெரியும்." இதே வாக்கியத்தை நான் தினம் தினம் கேட்கிறேன். என் வார்டில் ரத்தம் சுத்திகரிக்க ஒரு அம்மா வருகிறார். அவருக்கு நம் மேனேஜரைப் போலவே ஒரு மகன், நாற்பது வயது. போன வருடம் அந்த அம்மா பெருமையாகச் சொல்வார்: "அவனுக்கு என்ன வேணும்னு எனக்கு மட்டும்தான் தெரியும் சிஸ்டர்." இப்போது படுத்த படுக்கையாக இங்கேயே சேர்த்துவிட்டார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறார், ஆனால் அழுதுகொண்டே சொல்கிறார். வீட்டில் அவன் யார் கொடுத்தாலும் சாப்பிடுவதில்லையாம்.

உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நம் பெண்ணுக்குத் தாகம் எடுப்பது யாருக்குத் தெரியும்? இதை யோசித்துத்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். உங்களை வெறுப்பேற்ற இல்லை.

சரி, ஒரு பந்தயம். நம் ஊர்ப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் போன வருடம் ஏன் சேர்க்கவில்லை? "யாருகிட்டயும் எதுவும் கேக்கத் தெரியல" என்றுதானே? ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் பார்க்கச் சொல்லி அந்த டீச்சரிடம் நான் பேசிவிட்டேன். அதற்குள் அவள் உங்களைத் தவிர வேறு ஒரு மனிதரிடம், தானாக, தனக்கு வேண்டியதைக் கேட்கட்டும். பேச வேண்டாம், படம் காட்டிக் கேட்டால் போதும். கேட்டுவிட்டால் விடுதிப் பேச்சையே எடுக்க மாட்டேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்காமல் ஊருக்கு வந்துவிடுகிறேன். கேட்கவில்லை என்றால் நீங்களே அவளைக் கூட்டிவந்து இங்கே சேர்க்க வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல்.

சம்மதமா?

நர்ஸ்


ஜூன் 21

நர்ஸம்மாவுக்கு,

சம்மதம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மட்டும் என் உரிமை, அதைப் பந்தயத்தில் சேர்க்காதே.

அட்டைகள் தயார். போட்டோவைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை, அந்த மவுண்ட் போர்டு வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை எடுத்து, ஓரம் சீவி, படம் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். தம்ளர், பிஸ்கட், பாத்ரூம் கதவு, பூங்கா ஊஞ்சல், பஸ், தலையணை. எல்லாம் நானே எடுத்த போட்டோ, அவள் தினமும் பார்க்கும் அதே தம்ளர், அதே கதவு. கடைச் சுவரில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில், வீட்டுக்கும் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி ஒரு பலகை மாட்டி அதில் வரிசையாக ஒட்டி வைத்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர் விலை கேட்டார் என்றால் பார்த்துக்கொள்.

முதல் நாள் மேனேஜர் வந்து பார்வையிட்டாள். எல்லாவற்றையும் பிடுங்கித் தரையில் போட்டு, வெளிர் நிற அட்டைகளை ஒரு பக்கமும் அடர் நிறத்தை இன்னொரு பக்கமும் அடுக்கினாள். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழில் அப்பனிடமிருந்து வந்திருக்கிறது, அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் உன் யோசனை வேலைக்கு ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் நல்ல வெயில். மேசையைத் தட்டினாள். நான் பலகையைக் காட்டினேன். பலகையைப் பார்த்தாள், கையைக்கூடத் தூக்கினாள். நாக்கு வறண்டு நிற்கிற பிள்ளையிடம் போய் என்ன பரீட்சை? ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். அட்டை பலகையிலேயே இருந்தது. சாயங்காலம் பிஸ்கட்டுக்கும் இதே கதைதான். அவளுக்கு அட்டை தேவையே இல்லை, இதுதான் எனக்குப் புரிகிறது.

வாரம் முழுவதும் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிரேம்காரன்


ஜூன் 27

பிரேம்காரரே,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன், அதையும் பார்த்த சக நர்ஸ் "வீட்டுக்காரர் லெட்டரா?" என்று கேட்டாள்.

"கையைக்கூடத் தூக்கினாள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதற்குத் தூக்கினாள்? அட்டையை எடுக்கத்தான். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மடியில் வந்து விழுவதை எவள் கேட்டு வாங்குவாள்? அவளுக்கு வாய் இல்லாமல் போனதில் உங்கள் காலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவு வேகமாக ஓடுகிறது அது.

நின்று தொலையுங்கள். மேசையைத் தட்டினால் புரியாத முகத்தோடு நில்லுங்கள். அது உங்களுக்குக் கஷ்டமே இல்லை. "எனக்கு முடியல, கொஞ்சம் சமையலப் பாருங்க" என்று நான் வாய்விட்டுச் சொன்னபோதெல்லாம், ஒன்றுமே விளங்காததுபோலப் பேப்பர் படித்தீர்களே, அந்த முகத்தை அப்படியே எடுத்து அவளிடம் காட்டுங்கள். கட்டின பெண்டாட்டியிடம் காட்டிய திறமை வீண் போகாது.

தாகத்தில் ஒன்றும் ஆகிவிட மாட்டாள். நான் நர்ஸ், நான் சொல்கிறேன்.

அடிக்காமல் எழுதுகிறேன்: அன்புடன்,
நர்ஸ்


ஜூலை 9

நர்ஸம்மாவுக்கு,

உன் வாயில் சர்க்கரையும் போட வேண்டும், மிளகாயும் போட வேண்டும்.

நின்றேன். மரம் மாதிரி நின்றேன். போன வாரம் திங்கட்கிழமை அவள் மேசையைத் தட்டினாள். நான் சுவரில் தொங்கும் பிரேம் மூலைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மறுபடி தட்டினாள். என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் இழுத்தாள். கையைக் கொடுத்தேன், காலைக் கொடுக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது பார், தரையில் விழுந்து, குதிகாலால் உதைத்து, ஊரைக் கூட்டும் சத்தம். அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் பட்டமளிப்பு போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்படிப்பட்ட பிள்ளையக் கடைக்கு எதுக்குங்க கூட்டிட்டு வர்றீங்க? வீட்ல வச்சுக்கக் கூடாதா?"

"அவங்கதான் இங்க மேனேஜர். நான் வேலைக்காரன். போட்டோவைக் குடுத்துட்டுப் போறதுன்னா போங்க" என்றேன்.

போட்டோவைக் கொடுக்காமலேயே போய்விட்டார். போகட்டும். என் கையில் கண்ணாடி அறுக்கும் வைரம் இருந்தது, அதை முதலில் கீழே வைத்தேன். ஓடிப்போய் அவளைத் தூக்கிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன். வாய்விட்டுத்தான் திட்டினேன், மருந்துக்கடை அக்கா சாட்சி.

அப்புறம் சத்தம் நின்றது. எழுந்தாள். பலகைக்குப் போனாள். தம்ளர் அட்டையைப் பிடுங்கி என் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

கொடுக்கவில்லை, எறிந்தாள். எனக்கு அது போதும். தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மவுண்ட் போர்டு அடுக்கின் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷமா, பயமா, என்ன எழவோ தெரியவில்லை. மறுநாள் எறியாமல் கையில் வைத்தாள். வாரக் கடைசிக்குள் பிஸ்கட், ஊஞ்சல் இரண்டும் வந்துவிட்டன. நேற்று மருந்துக்கடைக்குப் போய் அக்காவின் கல்லா மேல் பிஸ்கட் அட்டையை வைத்திருக்கிறாள். அந்த அக்காவுக்கு நிஜமாகவே எதுவும் புரியாது, அதுதான் வசதி. "என்ன பாப்பா, எனக்கா குடுக்கற?" என்று அட்டையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாராம். மேனேஜர் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள். பாதி வெற்றி என்று வைத்துக்கொள்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு கேட்கத் தெரிந்த பிறகும் கடிப்பது குறையவில்லை. தலை சீவும்போது, சட்டை மாற்றும்போது, மணிக்கட்டில் புதுக் காயம் இல்லாத நாளே இல்லை. நீ லீவில் வரும்போது பார்த்துச் சொல்.

பிரேம்காரன்


ஜூலை 24

பிரேம்காரரே,

ஊர் வந்து திரும்பி நான்கு நாளாகிறது. இதற்கு முன்னால் எழுதியிருந்தால் மோசமாக எழுதியிருப்பேன்.

மேனேஜர் கடித்த என் கையில் தையல் பிரித்துவிட்டார்கள். வார்டில், "யாரு கடிச்சது?" என்று கேட்டார்கள். என் மகள் என்று சொல்லவில்லை, நாய் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். காயத்துக்காக இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "உன்னப் பழக்கமில்லல்ல, அதான்" என்றீர்களே, அதற்காக. அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்று தெரியும். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆனால் அது உண்மை இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் அவள் தலையைச் சீவினேன். சீப்பு சிக்கியது. அவள் தலையை இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. அவள் பலகையைப் பார்த்தாள். நன்றாக நினைவிருக்கிறது, ஒவ்வொரு அட்டையாக, எதையோ தேடுவதுபோலப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கடித்தாள்.

என்ன தேடினாள்? நீங்கள் செய்த அட்டைகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தண்ணீர் வேணும், பிஸ்கட் வேணும், ஊஞ்சல் வேணும், பஸ்ஸில் போகணும். எல்லாமே வேணும். வேண்டாம் என்று சொல்ல ஒரு அட்டை இருக்கிறதா?

உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பலகையைப் பார்த்து "அழகாச் செஞ்சிருக்கீங்க" என்றுதான் சொன்னேன். எனக்கும் தோன்றவில்லை. நாம் இருவரும் இந்த வருடம் முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஒரே வார்த்தை "முடியாது". அதை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்க மறந்துவிட்டோம். அவள் பல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உடனே ஒன்று செய்யுங்கள். தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் இருக்கட்டும். அவள் அதைக் கொடுத்தால் நீங்கள் நிறுத்த வேண்டும். சும்மா வாங்கி வைத்துக்கொண்டு சீவுவதைத் தொடர்ந்தால் அதற்குப் பிறகு எந்த அட்டையையும் நம்ப மாட்டாள்.

நர்ஸ்


ஆகஸ்ட் 4

நர்ஸம்மாவுக்கு,

உன் கையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சிவப்பு மவுண்ட் போர்டில் ஒரு அட்டை வெட்டி, என் உள்ளங்கையைப் படம் எடுத்து ஒட்டினேன். எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியாமல், மருந்துக்கடை அக்காவிடம் வேண்டாத மாத்திரையை நீட்டச் சொல்லி, நான் சிவப்பு அட்டையைக் கொடுத்து, அவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு போக, இப்படி நாங்கள் இருவரும் மேனேஜர் முன்னால் நாடகம் போட்டோம். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். மறுநாள் சீப்பை எடுத்தேன். சிவப்பு அட்டை கைக்கு வந்தது. சீப்பைக் கீழே வைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சீப்பை எடுத்தேன், மறுபடி அட்டை, மறுபடி கீழே வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொல்லி உலகத்தில் ஒன்று நின்றிருக்கிறது. அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது சர்வாதிகாரம். குளிக்க வேண்டாம். அந்தச் சட்டை வேண்டாம். இந்தச் சட்டையும் வேண்டாம். ரேடியோ வேண்டாம். ஒரு அம்மா கல்யாணப் போட்டோவுக்குப் பெரிய பூ வேலை செய்த தங்கநிறச் சட்டம் தேர்ந்தெடுத்தார். மேனேஜர் நேராகப் போய் அதன் மேல் சிவப்பு அட்டையை வைத்தாள். அந்த அம்மா என்னைப் பார்க்க, "மேனேஜர் சொல்லிட்டாங்க, நான் என்னங்க பண்றது" என்றேன். சிரித்துக்கொண்டே மெல்லிய கறுப்புச் சட்டத்துக்கு மாறினார். உண்மையைச் சொன்னால் அதுதான் நன்றாக இருந்தது.

கண்ணாடி அறுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வராதே என்றால் அதற்கும் சிவப்பு. அதற்கு மட்டும் நான் மசியவில்லை. தலை இரண்டு நாள் சீவாமல் கிடந்தது. அப்புறம் அவளே சீப்பை எடுத்துப் பாதி சீவிக்கொண்டாள், பாதி பறவைக் கூடு. மணிக்கட்டில் புதுக் காயம் இல்லை. பழையது கறுத்து உதிர்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. முந்தாநாள் வழக்கம்போலச் சோறு பிசைந்து ஊட்டப் போனேன். சிவப்பு அட்டையைக் கொடுத்தாள். பசியில்லையோ என்று நினைத்தேன். தட்டை இழுத்துக்கொண்டு அவளே சாப்பிட்டாள், மூக்கிலும் காதிலும் அப்பிக்கொண்டு. நான் பிசைந்த கையோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாக இருந்தது.

வரும் இருபத்தெட்டாம் தேதி பள்ளியில் பார்க்கிறார்களாம். என்னையும் உள்ளே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரேம்காரன்


ஆகஸ்ட் 16

பிரேம்காரரே,

பறவைக் கூட்டை போட்டோ எடுத்து அனுப்பியதற்கு நன்றி. என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

உள்ளே உட்காரும்போது ஏமாற்றாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டீர்கள், புருவத்தால் பேசுவீர்கள். பெண் பார்க்க வந்தபோது உங்கள் அக்காவிடம் புருவத்தாலேயே சம்மதம் சொன்ன ஆள் நீங்கள். அங்கே போய்ப் பலகையைக் கண்ணால் காட்டி, தொண்டையைக் கனைத்து, அவளை ஜெயிக்க வைத்தால் அது அவள் ஜெயித்ததாகாது. அப்புறம் வகுப்பில் நீங்கள் இல்லாத முதல் நாளிலேயே தவித்துப் போவாள்.

நான் சொன்ன அந்த அம்மா போன வாரம் இறந்துவிட்டார். மகனை யாரோ தூரத்து உறவினர் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவன் இப்போது எங்கே இருக்கிறான், சாப்பிடுகிறானா என்று கேட்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அவள் இருபத்தெட்டாம் தேதி தோற்றால் என் பக்கத்தில் வந்துவிடுவாள். ஜன்னலைத் திறந்தால் ஊஞ்சலில் தெரிவாள். நேற்று சிரிஞ்சுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, தோற்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் ஜெயிக்க வேண்டும். நான் அதைத்தான் விரும்புகிறேன், எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் சரி.

விடுதிக்காரர்களிடம் மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். புருவம், ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
நர்ஸ்


செப்டம்பர் 1

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

தந்தியில் "சேர்த்துக்கொண்டார்கள்" என்று அடிக்கிற மாதிரி ஒரு வரியை மட்டும் உன் போனுக்கு அனுப்பிவிட்டு, மீதியைச் சொல்லாமல் நாலு நாளாக உன்னைக் காயவிட்டிருக்கிறேன். சொல்வதற்கு எனக்கே தைரியம் வர வேண்டியிருந்தது. இப்போது காலை பத்தரை. கடையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு சின்ன அறை. தாழ்வான மேசை, ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி, சுவரில் நம் அட்டைப் பலகையை மாட்ட ஒரு ஆணி. டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஏதோ தாள் வெட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் வந்தாள். அலமாரியைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைத் தொட்டாள், டீச்சரின் தலையை முகர்ந்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் நாற்காலியே ஆடியிருக்கும்.

பிறகு மேசையைத் தட்டினாள். தண்ணீர். டீச்சர் நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் புரியாததுபோல மறுபடி குனிந்துகொண்டார். மேனேஜர் மறுபடி தட்டினாள். பலகைப் பக்கமே போகவில்லை.

நீ எழுதியதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் என்ன? முதலில் புருவம் போனது. அப்புறம் தொண்டை. அப்புறம் கண், பலகையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பலகையைப் பார்த்தது. அதற்கும் அவள் அசையாததால், என் கை தானாகப் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டது. பாதி எழுந்தும்விட்டேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டிருந்தேன், தெரிந்தே கெடுத்துக்கொண்டிருந்தேன், நிறுத்த முடியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பலகைக்குப் போனாள். சிவப்பு அட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"தண்ணி வேண்டாமா கண்ணு?" என்றேன். அட்டையை என் கையிலிருந்து எடுத்து மறுபடியும் வைத்தாள், இந்த முறை அழுத்தி. அப்புறம் என் சட்டையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள்.

"தண்ணிய இல்ல சார், உங்களத்தான் வேணாங்கறா" என்றார் டீச்சர். "வெளிய இருங்க."

போனேன். கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, எதிரில் செருப்பு வைக்கும் தட்டு, அவ்வளவுதான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அழுதால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், ஓடியிருப்பேன். கையில் சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலித்தது. ஒன்பது வருடம் அவள் மூச்சு விடுவதற்கு முன்னால் நான் விட்டிருக்கிறேன், என்னைப் போய் வெளியே போகச் சொல்லிவிட்டாள் என்று, நன்றாகவே வலித்தது. அதே சமயம் ஊரெல்லாம் ஓடி ஓடிச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

டீச்சர் வெளியே வந்தபோது அவர் கையில் தம்ளர் அட்டை இருந்தது. நான் போனதும் நேராகப் போய் எடுத்துக் கொடுத்தாளாம். தண்ணீர் குடித்தாளாம். அப்புறம் ஊஞ்சல் அட்டையைக் கொடுத்தாளாம். "இங்க ஊஞ்சல் இல்லம்மா" என்றதற்கு, முறைத்துவிட்டு டீச்சரோடு உட்கார்ந்து தாள் கிழித்தாளாம்.

"திங்கக்கிழமையிலேர்ந்து காலை வகுப்புக்கு அனுப்புங்க. அப்பா மட்டும் உள்ள வரக் கூடாது. நான் சொல்லல, அவதான் சொல்லிட்டா" என்றார்.

இன்று காலை விட்டுவிட்டு வந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். வந்து கடையைத் திறந்ததிலிருந்து ஒரே பிரேமைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. மருந்துக்கடை அக்கா எட்டிப் பார்த்து, "மேனேஜர் எங்க?" என்றார். "டியூட்டிக்குப் போயிருக்காங்க" என்றேன். சொல்லிவிட்டு அதே பிரேமை மறுபடியும் துடைத்தேன்.

பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று நீயே முடிவு செய்துகொள். விடுதி இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிடு. நாளைக்கு அவள் வளர்ந்து, அப்படி ஒரு இடத்துக்குப் போகும் காலம் வந்தால், அதையும் படம் எடுத்து அட்டையாக்கி அவள் முன்னால் வைப்போம். நீயும் நானும் தொண்டை கிழியக் கத்தி முடிவு செய்ய வேண்டிய விஷயமில்லை அது. இத்தனை நாள் அது எனக்கு உறைக்கவில்லை.

டிசம்பரில் வா. சொன்ன சொல்லைக் காப்பாற்று, ஒப்பந்தத்தை நீட்டிக்காதே. வந்து இறங்கியதும் ஆசையில் அவளை வாரி அணைத்துவிடாதே, கையை நீட்டிவிட்டுக் காத்திரு. அவள் சிவப்பு அட்டையைக் கொடுத்தாலும் கொடுப்பாள். கொடுத்தால் அழு, நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். அப்புறம் மறுநாள் மறுபடியும் கையை நீட்டு. நாம் இருவரும் பிடிவாதக்காரர்கள்தானே, அதையாவது உருப்படியாகச் செய்வோம்.

எழுதி முடிப்பதற்குள் வகுப்பு விடும் நேரமாகிவிட்டது. போய்ப் பள்ளி வாசலுக்கு வெளியே நிற்கிறேன். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. உள்ளே மட்டும் போக மாட்டேன்.

உன்
பிரேம்காரன்